சுவரில் ஒரே ஒரு தடவை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கியதில்லை. ஆயத்த ஆடை கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில் ஒரு மிஷினை அக்கக்காகப் பிரித்துப் பரப்பிவிட்டு, சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்று கத்தக் கத்த, "நிதானமா பண்ணுவோம் சார்" என்று ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். கம்பெனியில் நிதானம், தெருவில் நிதானம், கடைசியில் கட்டிய மனைவியே கோபம் வந்தால் "ஏங்க நிதானம்!" என்று அடுப்படியிலிருந்து கூப்பிடும் அளவுக்கு ஆகிவிட்டது.

பெயருக்கு ஏற்ற ஆள்தான். மற்ற மெக்கானிக்குகள் டீ ஆறுவதற்குள் முடிக்கிற வேலைக்கு இவர் ஒரு முழு ஷிஃப்டை விழுங்குவார். ஆனால் இவர் கை வைத்த மிஷின் மறுபடி மக்கர் பண்ணியதாகச் சரித்திரம் கிடையாது. அரைகுறை என்ற வார்த்தை அவருக்குக் கெட்ட வார்த்தை. பாதி வேலையை யார் கண்ணிலும் காட்ட மாட்டார். "ஒரு கை வைக்காத சட்டையை யாராவது போட்டுப் பார்க்கச் சொல்வாங்களா?" என்று கேட்பார். "தையல்காரங்க அப்படித்தாங்க அளவு பார்ப்பாங்க" என்று மனைவி சொன்னால், காது கேட்காத மாதிரி எண்ணெய்க் குப்பியைத் தேடுவார்.

அவருடைய அண்ணன் இதற்கு நேர் எதிர். வாயும் வேகம், கையும் வேகம். அந்தக் காலத்தில் சொந்தத்திலேயே முதல்முதலாகச் சினிமா பிடிக்கிற கேமரா வாங்கியவர் அவர்தான். சின்ன ரீல் போட்டு, கையில் பிடித்து, கர்ரென்று ஓடவிடுகிற கேமரா. பேச்சு பதிவாகாது, படம் மட்டும்தான். பெண் குழந்தை பிறந்ததும் அண்ணன் அதைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. நிதானம் ஆசையாக அதைத் தொடப் போனால், "கையை எடுடா. நீ ஃபோகஸ் பண்றதுக்குள்ள குழந்தைக்குக் கல்யாணமே ஆயிடும்" என்பார். கூடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், நிதானமும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் வேறு குழந்தை பிறக்கவில்லை. ரீல்கள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போயின. அதைப் போட்டுக் காட்டுகிற ப்ரொஜெக்டரும் ஒரு பழைய போர்வைக்குள் போய்ப் பரணில் ஏறியது. கேமராவை அண்ணன் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வீடும் ஒரே ஊரில்தான் இருந்தன. ஆனாலும் அண்ணன், தம்பி வீட்டுக்கு வருவது அபூர்வம். சண்டை எதுவும் கிடையாது. எப்போதும் தம்பிதான் போய்ப் பார்ப்பார், அது அப்படியே பழகிப்போய்விட்டது.

நிதானம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டின் பின்னறையில் அக்கம்பக்கத்து மிஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து நின்றார். கூட அண்ணி. அண்ணி கையில் பிஸ்கட் டப்பா. அண்ணன் தோளில் போர்வை சுற்றிய ப்ரொஜெக்டர்.

"கண்ணு போகுதுடா," என்றார் அண்ணன், உட்கார்ந்ததும் உட்காராததுமாக. "சுத்தி இருக்கிறது ஏற்கெனவே போயாச்சு. குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது. அதுவும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். எப்போன்னு கேட்டா அவருக்கே தெரியலை."

நிதானம் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ நடக்கிறதை ஒரு தடவை பார்க்கணும்டா. ஃபோட்டோ இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஃபோட்டோல நின்னுகிட்டே இருக்கா. நடக்க மாட்டேங்கிறா."

நிதானம் டப்பாவைத் திறந்தார். வினிகர் பாட்டிலைத் திறந்தது போல ஒரு புளித்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே ஒன்பது ரீல்கள். எட்டில் சுருளுக்குச் சுருள் ஒட்டிக்கொண்டு, தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. அதன் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகக்கண் அளவு கட்டங்களில் ஒரு முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு குழந்தை. அதுவும் ஓரத்தில் நெளிந்து சுருங்கியிருந்தது. ஓரத்து ஓட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்துபோயிருந்தது. ப்ரொஜெக்டரின் பல் அந்த ஓட்டையில் விழுந்துதான் படத்தை இழுக்கும். ஓட்டை இடம் மாறினால் பல் ஃபிலிமையே கிழிக்கும்.

"சுவத்துல போடுடா," என்றார் அண்ணன். "விளக்கை அணைச்சிட்டு ஒரே ஒரு தடவை போடு. போதும்."

"கிழிஞ்சிடும்ணே."

"கிழிஞ்சா கிழியட்டும். எனக்கு அப்புறம் யாருடா பார்க்கப் போறாங்க?"

"வேணாம்ணே. நான் இதை ஒவ்வொரு கட்டமா கேமராவுல பிடிச்சு, கம்ப்யூட்டர்ல வீடியோவா சேர்த்துத் தரேன். டிவியில எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்பியிடம் ஒன்று கேட்டு, தம்பி சொன்னதற்குத் தலையாட்டினார். நிதானத்துக்கு அந்தப் பெருமை உச்சந்தலை வரை ஏறியது. பாவி மனுஷன், அங்கேயே அந்தச் சுவரில் போட்டுக் காட்டியிருக்கலாம்.

மறுநாளே வேலை தொடங்கியது. துணியைத் தள்ளுகிற தையல் மிஷினின் பல்லும் படத்தை இழுக்கிற ப்ரொஜெக்டரின் பல்லும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று கண்டுகொண்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ப்ரொஜெக்டரின் பல்லை அரத்தால் ராவி ராவிச் சிறிதாக்கினார். கொதிக்கிற பழைய விளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடில்லாத சின்ன எல்இடி பல்பைப் பொருத்தினார். வெளிச்சம் பரவலாக விழ வேண்டுமென்று மனைவியின் சாப்பாட்டு டப்பாவின் வெள்ளை மூடியை வெட்டி நடுவில் வைத்தார். தையல் மிஷின் மோட்டார் ஒன்றை நத்தை வேகத்துக்குக் கட்டுப்படுத்தி இணைத்தார். ஒரு கட்டம் வந்து நிற்கும், கேமரா க்ளிக் என்னும், அடுத்த கட்டம் வரும். மூன்று நிமிடச் சொச்சம் ஓடுகிற ரீலில் மூவாயிரத்துச் சொச்சம் கட்டங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, பட்டப்பகலை இருட்டாக்கிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இத்தனையும் பண்ணி ஒருவழியாக முதல் தடவை முடித்தும் விட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். முற்றத்தில் குழந்தை ஓடியது. குழாயைத் தூக்கிப் பிடித்து வானத்தைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சியது. தன் மேலேயே விழுந்த தண்ணீரில் கண்ணை இடுக்கிச் சிரித்தது. மனைவி அந்தக் குழந்தையை நேரில் பார்த்தவளில்லை, கல்யாணமாகி வந்ததே அதற்குப் பிறகுதான். ஆனாலும் அழுதுவிட்டாள்.

"இது போதுங்க. இப்பவே கொண்டுபோய்க் காட்டுங்க."

"வெளிச்சம் துள்ளுது பாரு," என்றார் நிதானம். "கேமரா தானா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சிருக்கு. கண் சரியில்லாத மனுஷனுக்கு இப்படி மினுக் மினுக்குன்னு காட்டினா என்ன தெரியும்? திரும்ப எடுக்கணும்."

"உங்க அண்ணன் வெளிச்சத்தையா பார்க்கக் கேட்டார்?"

அவர் கறுப்புத் துணியை மறுபடி இழுத்துவிட்டார். திரும்ப எடுத்தார்.

அப்போது அண்ணனுக்குக் கண் தெரிந்தது. அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் காட்டியிருந்தால் அவர் பார்த்திருப்பார்.

இரண்டாம் தடவை எடுத்ததில் படம் லேசாக நடுங்கியது. மூன்றாம் தடவைக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கினார். பிறகு நிறப் பிரச்சினை பிடித்துக்கொண்டது. காலம் போன போக்கில் படம் முழுக்கச் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. குழந்தையின் கவுன் நிஜத்தில் என்ன நிறம் என்று தெரியாமல் எப்படிச் சரிசெய்வது? அண்ணன் மஞ்சள் என்றார். அண்ணி பச்சை என்றாள். "தைச்சவ நான், எனக்குத் தெரியாதா?" என்றாள். "பார்த்தவன் நான்" என்றார் அவர். இருவரும் பல வருஷங்களுக்குப் பிறகு அந்தக் குழந்தையை வைத்துச் சண்டை போட்டார்கள். போட்டுக்கொண்டே இரண்டு பேரும் அழுதார்கள். நிதானம் பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று செய்து பார்த்து, இரண்டுமே குழந்தையின் தோலை நோயாளி மாதிரி காட்டியதால் இரண்டையும் அழித்தார்.

இதற்கிடையே ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் வந்தார். பேருந்தில் ஏறி, அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலென்றாலும் மழையென்றாலும் வந்தார். "ஆச்சாடா?" என்பார். "இதோ, கொஞ்சம்தான்ணே" என்பார் இவர். அப்புறம் அண்ணன் அந்தப் பின்னறை ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நிதானம் மோட்டாரை ஓட்டிக் காட்டுவார், பல்லை எப்படி ராவினேன் என்று விளக்குவார், வெட்டிய சாப்பாட்டு டப்பா மூடியைப் பற்றி ஜோக்கடிப்பார். முடியாத படத்தை மட்டும் காட்ட மாட்டார். அண்ணன் கேட்பார். ஆயுசு முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த அண்ணன், இப்போது வாயை மூடிக்கொண்டு தம்பி பேசுவதைக் கேட்டார். "நீ சாமர்த்தியசாலிடா, நான்தான் கவனிக்கலை" என்று ஒருமுறை சொன்னார். அந்த வார்த்தையை நிதானம் வாரம் முழுக்க வாயிலேயே அடக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்.

உள்ளதைச் சொல்லிவிடலாம். படம் முடிந்து கைக்குப் போய்விட்டால் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எதற்கு வருவார்? இதை நிதானம் ஒருநாளும் மனதுக்குள்கூட வார்த்தையாக நினைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் படத்தில் புதிதாக ஒரு குறை தென்பட்டது.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "அவர் ரீலு, அவர் பொண்ணு, அவர் கண்ணு. நடுவுல நீங்க யாருங்க? அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு சொல்லுங்க, நானே சுவத்துல போட்டுக் காட்டறேன்" என்று ஒரு நாள் பின்னறைக்குள் நுழைந்தாள். அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். மறுநாள் அந்த அறைக்குப் பூட்டு வந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வீட்டில் ஒரு அறைக்குள் அவள் போகக் கூடாது என்று ஆனது அதுதான் முதல் தடவை.

கடைசியில் கீறல்கள் பாக்கி. ஒவ்வொரு கட்டமாகத் திரையில் பெரிதாக்கி, மௌஸால் ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு தூசியையும் அழித்தார். குழந்தையின் இமையில் ஒரு புள்ளி. அது தூசியா, தண்ணீர்த் துளியா என்று அரைநாள் யோசித்தார். அவ்வளவு கூர்மை நிதானத்தின் கண்ணுக்கு. அதே கண்ணுக்கு, ஸ்டூலில் உட்கார்ந்த அண்ணன் முன்பு மாதிரி மோட்டாரை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டது தெரியவில்லை. டீ தம்ளரை அண்ணி கொண்டுவந்து அவர் கையை விரித்து வைப்பது தெரியவில்லை. "மோட்டார் சத்தம் நல்லா இருக்குடா" என்று அவர் சத்தத்தை மட்டும் பாராட்டியது தெரியவில்லை. "ஆச்சாடா?" என்று அவர் கேட்பதே நின்றுபோனதும் தெரியவில்லை. அண்ணனுக்கு இப்போதுதான் பொறுமை வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் எல்லாம் முடிந்தது. நிஜமாகவே முடிந்தது. ஒரு கீறல் கிடையாது, ஒரு துள்ளல் கிடையாது. கவுன் கடைசியில் அண்ணி சொன்ன பச்சையிலேயே அழகாக உட்கார்ந்திருந்தது. இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வீடியோவைச் சேமித்து, பென் டிரைவில் ஏற்றி, "இந்தத் தடவை நீங்க வர வேணாம்ணே, நான் வரேன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். மனைவியைக் கூப்பிட்டார். "நீங்களே போங்க" என்றாள்.

அண்ணன் குளித்து, தலை வாரி, டிவிக்கு நேரெதிராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளும் பெற்றவள்தானே, முகம் வெளிறியிருந்தது.

"போடட்டுமாண்ணே?"

"போடுடா."

நிதானம் பென் டிரைவைச் செருகினார். ரிமோட்டை அழுத்தினார். திரை கறுத்தது. பிறகு நடுவில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. இந்தக் கோப்பை இயக்க முடியாது. அவருடைய உயர்ந்த தரம் அந்தப் பழைய டிவிக்கு ஒத்துவரவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருந்தார். "அடடா, ஒரு நிமிஷம்ணே" என்று சொல்ல வாயெடுத்தார்.

"வந்துட்டாடா," என்றார் அண்ணன் பின்னாலிருந்து.

நிதானம் திரும்பினார்.

அண்ணன் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. "எவ்வளவு தெளிவா இருக்கு! அந்தக் காலத்துல சுவத்துல போட்டப்பகூட இப்படி இல்லைடா. பாரு, எப்படி ஓடறா பாரு. கால்ல செருப்பு போடுன்னா கேட்க மாட்டா. ஐயோ, குழாயை என் பக்கம் திருப்பறா பாரு!" என்று சொல்லி, கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

நிதானத்துக்கு அந்த மூவாயிரத்துச் சொச்சம் கட்டங்களும் மனப்பாடம். குழந்தை எந்தக் கட்டத்திலும் குழாயைக் கேமரா பக்கம் திருப்பவில்லை. தண்ணீர் படுமென்று அண்ணன் அதற்கு முன்பே கேமராவை நிறுத்தியிருக்க வேண்டும். நிதானம் அண்ணியைப் பார்த்தார். அண்ணி திரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை அசைத்தாள்.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்க. இந்த சிலிண்டரை நகர்த்திக் குடுங்க."

அடுப்படியில் சிலிண்டர் அதன் இடத்தில்தான் இருந்தது.

"எப்போலேர்ந்து அண்ணி?"

"மழைக்காலம் வர்றதுக்கு முன்னாலேயே போயிடுச்சு. இப்போ இருட்டு, வெளிச்சம் எதுவும் தெரியலை."

"அப்புறமும் ஒவ்வொரு வாரமும் வந்தாரே... ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னுட்டார். 'தெரிஞ்சா அவன் அந்த வேலையைப் பாதியிலேயே போட்டுட்டு உட்கார்ந்துடுவான்டி. நான் போய் உட்கார்ந்தா அவன் குரல்ல ஒரு சந்தோஷம் வருது, அது எனக்குக் கேட்குது'ன்னார். அதுக்காகத்தான் வந்தார்." அண்ணி முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், சாதாரணமாகச் சொன்னாள். "நீங்க அன்னைக்கே சுவத்துல ஒரு தடவை போட்டிருக்கலாம் தம்பி."

நிதானம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லலாமென்று பார்த்தார். கிழிஞ்சிருக்கும் அண்ணி என்று சொல்லலாம். அது உண்மைதான். கிழிந்திருக்கும், அண்ணன் பார்த்துமிருப்பார். தான் காப்பாற்றி வைத்தது வெறும் ஃபிலிம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகைகூட வரவில்லை. தன் கைகளைப் பார்த்தார், அவற்றை வெட்டி எறிந்துவிடலாம் போல இருந்தது.

"எங்கடா போனே?" என்று கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "முடிஞ்சிடுச்சு போல. சத்தமில்லாத படம் பாரு, எப்போ முடியுதுன்னே தெரிய மாட்டேங்குது. இன்னொரு தடவை போடுடா."

நிதானம் போனார். ரிமோட்டை எடுத்து, அண்ணன் காதில் விழும்படி அழுத்தினார். திரை கறுத்து, மறுபடியும் அதே வரி வந்து நின்றது. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் துழாவி அவர் தோளில் கை வைத்தார்.

"வந்துட்டா," என்றார். "உனக்குத் தெரியுதாடா?"

"தெரியுதுண்ணே," என்றார் நிதானம்.